மங்கிய ஒளியும் மெய்யான படமும்

"கண்ணால் கண்டதே மெய்" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம். அதே வாயால், கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றும் சொல்கிறோம். இரண்டும் நம் பெரியவர்களிடமிருந்து நமக்கு வந்தவைதாம். எந்த இடத்தில் எதைக் கைக்கொள்வது என்பதில்தான் குழப்பம் ஏற்படுகிறது. அந்தக் குழப்பத்தை நன்கு எடுத்துக்காட்டும் ஒரு விடயத்தை இம்முறை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தொலைநோக்கி வைத்து வானத்தைப் படமெடுக்கும் ஆர்வம் நமது குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் சிலரிடையே இப்போது பரவி வருகிறது. அவ்வாறு எடுத்த படம் ஒன்று மண்டபத்துச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. கரிய வானத்திலே செந்நிற நூல்கள் சிக்கிச் சிக்கி ஒரு பெரிய உருண்டையாய்த் திரண்டிருப்பது போன்ற படம். பெரியவர் ஒருவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வானத்தில இருக்கிறதோ, இல்லாட்டி கொம்பியூட்டரில இருக்கிறதோ?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கேலி எதுவும் இல்லை. அறிய வேண்டும் என்றே கேட்டார். தம்பியும் உடனே பதில் சொல்லிவிடவில்லை, சற்று யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்விதான் அது. வானத்துப் படத்துக்கு மட்டுமல்லாமல், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களுக்கும் இன்று இந்தக் கேள்வி பொருந்துகிறது என்பதே நாம் இங்கு சொல்ல வருவது.

படத்தில் இருந்தது என்ன?

அந்தப் படத்தில் இருந்தது சிமேயிஸ் 147 எனப்படும் நெபுலா, அதாவது விண்முகில். மிகப் பெரிய விண்மீன் ஒன்று தனது எரிபொருள் தீர்ந்ததும், அதன் நடுப்பகுதி இடிந்து அமிழ, மேற்பகுதி வெடித்துச் சிதறுகிறது. இந்த வெடிப்பையே சூப்பர்நோவா என்கிறார்கள். சிதறிய பொருளும், அது போகும் வழியில் வாரிச் சேர்த்துக்கொண்ட வாயுவும் பல்லாயிரம் ஆண்டுகள் விரிந்துகொண்டே போகும். அதற்குச் சூப்பர்நோவா எச்சம் என்று பெயர்.

கார்த்திகையும் ரோகிணியும் நிற்கும் இடப ராசியை நம்மில் பலர் அறிவோம். அந்த இடபத்துக்கு இரண்டு கொம்புகள். தெற்குக் கொம்பின் நுனிக்கு அருகே ஓர் எச்சம் இருக்கிறது. அதுதான் புகழ்பெற்ற நண்டு நெபுலா. 1054-ஆம் ஆண்டில் அந்த விண்மீன் வெடித்த ஒளியைச் சீன நாட்டு வானியலாளர் கண்டு எழுதி வைத்தார்கள். 23 நாட்கள் பகலிலேயே தெரிந்ததாக அவர்கள் குறித்திருக்கிறார்கள். வடக்குக் கொம்பின் நுனிக்கு அருகே இன்னோர் எச்சம் இருக்கிறது. அதுவே சிமேயிஸ் 147. இதன் வயது 30,000 முதல் 40,000 ஆண்டுகள் வரை என மதிப்பிடுகிறார்கள். மனிதன் எழுத்து என்று ஒன்றைக் கண்டுபிடிக்கும் முன்னரே வெடித்தது. ஆகவே எந்த ஏட்டிலும் இதற்குச் சாட்சி இல்லை. வெடித்த விண்மீனின் நடுப்பகுதி மட்டும் ஒரு சிறு உருண்டையாகச் சுருங்கி, நொடிக்கு ஏறத்தாழ ஏழு முறை சுழன்றுகொண்டு இன்றும் அங்கே இருக்கிறது.

வானத்தில் இந்த எச்சத்தின் அகலம் ஏறத்தாழ மூன்று பாகை. முழுநிலவை ஆறு முறை பக்கம் பக்கமாக அடுக்கினால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. இவ்வளவு பெரியதாக இருந்தும் 1952-ஆம் ஆண்டு வரை எவரும் இதை அறியவில்லை. கிரைமியாவின் சிமேயிஸ் வானாய்வு நிலையத்தில் கிரிகோரி ஷாய்ன், வேரா காசே என்ற இருவர் புகைப்படத் தகடுகளில் இதைக் கண்டுபிடித்துத் தமது பட்டியலில் 147-ஆவதாகச் சேர்த்தார்கள். நூல்கள் சிக்கியது போன்ற அதன் தோற்றத்தைப் பார்த்து மேல்நாட்டார் ஸ்பகெட்டி நெபுலா என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மவர் கண்டிருந்தால் இடியப்பம் என்றே வைத்திருப்பார்கள்!

இவ்வளவு காலம் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அதன் மங்கல்தான். அந்த ஒளி இவ்வளவு பெரிய பரப்பில் மெல்லப் பரவிக் கிடக்கிறது. தொலைநோக்கி என்றால் எல்லாவற்றையும் பிரகாசமாக்கிக் காட்டும் என்று நினைக்கிறோம். விண்மீன் போன்ற புள்ளிக்கு அது சரி. பரந்து கிடக்கும் ஒரு முகிலைத் தொலைநோக்கி பெரிதாக்கிக் காட்டுமே தவிர, அதன் பரப்பில் உள்ள ஒளியின் அடர்த்தியைக் கூட்டிவிடாது. எனவே இந்த எச்சத்தைக் கண்ணால் தேடிப் போகிறவர், நல்ல தொலைநோக்கியிலும் பெரும்பாலும் வெறும் இருட்டையே காண்பார்.

படம் எப்படி உருவாகிறது?

மண்டபத்தில் மாட்டியிருந்த படம் ஒரு நொடியில் எடுத்தது அல்ல. பூமியின் சுழற்சிக்கு ஈடாக மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும் தாங்கியின் மேல் தொலைநோக்கி நிற்கும். அதன் பின்னால் பூச்சியத்துக்குக் கீழே குளிரூட்டப்பட்ட கமெரா. இடையில் ஹைட்ரஜன் வாயு விடும் செவ்வொளியை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றைத் தடுக்கும் வடிகட்டி. ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிடம் கமெரா திறந்திருக்கும். அப்படி இருபது மணி நேரம் எடுத்தால் 240 படங்கள் சேரும். நாம் வாழும் வட நாடுகளில் மாரிகால இரவு நீண்டதுதான்; ஆனால் முகில் இல்லாத இரவு கிடைப்பது அரிது. அதனால் ஒரு படம் முடிய ஒரு மாரிகாலமே போய்விடுவதுண்டு.

ஏன் இத்தனை படங்கள்? தனிப்படம் ஒன்றைப் பார்த்தால் நெபுலாவின் ஒளியும் கமெராவின் இரைச்சலும் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கும். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, உண்மையாக வந்த ஒளி ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் விழுந்திருப்பதால் கூடிக்கொண்டே போகும். இரைச்சலோ இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுவதால் அந்த அளவுக்குக் கூடாது. நூறு படங்களை அடுக்கினால் ஒளி நூறு மடங்காகும். இரைச்சல் பத்து மடங்குதான் ஆகும். ஆகவே தெளிவு பத்து மடங்கு. தெளிவை இரட்டிப்பாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் யாருக்கும் சலுகை கிடையாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அது எம்மை மிகவும் கவர்ந்தது. தொலைநோக்கியின் வாயை மூடியால் இறுக மூடிவிட்டு, அதே குளிரில், அதே ஐந்து நிமிடக் கணக்கில் சில படங்கள் எடுக்கிறார்கள். அவற்றில் வானம் இல்லை. இருப்பதெல்லாம் கமெரா தானாக உண்டாக்கும் பொய் ஒளிதான். பின்பு, சீராக ஒளியூட்டிய வெள்ளைத் துணியைப் படமெடுக்கிறார்கள். அதில் கண்ணாடியில் ஒட்டிய தூசுகளின் நிழல் விழும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வானத்துப் படத்திலிருந்து கருவியின் குறைகளைக் கழிக்கிறார்கள். வானம் என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னர், தமது கருவி என்னென்ன பொய் சொல்லும் என்பதைத் தெரிந்து அதை நீக்கிக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கணினித் திரையில் தெரிவது ஏறத்தாழக் கறுப்புத்தான். நெபுலாவின் ஒளி அந்தக் கறுப்பின் அடியில் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வாகக் கிடக்கும். அந்தச் சிறு வேறுபாட்டைப் பெரிதாக்கி, மங்கலை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறார்கள். அப்போதுதான் செந்நிற நூல்கள் எழுந்து வருகின்றன.

இது பொய்யா?

"கண்ணுக்குத் தெரியாததைத் தெரிவது போல் காட்டுகிறீர்கள், நிறத்தையும் நீங்களே ஏற்றுகிறீர்கள், இதை எப்படி உண்மைப் படம் என்பது?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் இதில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. நம் கண் காண்பதே பொருளின் உண்மையான தோற்றம் என்பதே அந்த எண்ணம்.

இருட்டில் நம் கண் எப்படி வேலை செய்கிறது? மங்கிய ஒளியில் நிறம் காட்டும் பகுதி உறங்கிப்போகும். நிறம் அறியாத பகுதியே விழித்திருக்கும். அது ஹைட்ரஜனின் ஆழ்ந்த சிவப்பை ஏறத்தாழ உணர்வதேயில்லை. மேலும் கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்க முடியாது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்ததை மட்டும் மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். "அப்படியானால் கிட்டப் போய்ப் பார்த்தால்?" என்று கேட்கலாம். இந்த எச்சம் சுமார் 3,000 முதல் 4,500 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு வாகனம் ஏறிப் பாதித் தூரம் போனாலும் அது வானத்தில் இன்னும் பெரிதாகப் பரவித் தெரியுமே அல்லாமல், ஒவ்வொரு பகுதியும் இப்போதுள்ள அதே மங்கலாகவே இருக்கும். அதன் பக்கத்திலேயே போய் நின்றாலும் மனிதக் கண்ணுக்கு அது இருட்டுத்தான். கண்ணையே அளவுகோலாக வைத்தால் இந்த நெபுலாவின் "உண்மையான" படம் ஒரு கறுப்புத் தாள் என்றே முடியும். அங்கே அந்த ஒளி இருக்கும்போது கறுப்புத் தாளை எப்படி உண்மை என்பது?

வைத்தியர் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் எலும்பின் வெடிப்பைக் காண்கிறோம். கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. ஆனால் அதை நம்பித்தான் கட்டுப் போடுகிறோம். நிறமும் அப்படியே. கந்தகமும் ஹைட்ரஜனும் விடும் ஒளி இரண்டுமே சிவப்பு. இரண்டையும் உள்ளபடியே காட்டினால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. ஆகையால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஒட்சிசனுக்கு நீலம் என்று பிரித்துக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. ஹபிள் விண்தொலைநோக்கி 1995-இல் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்களை உலகம் அறிந்தது இந்த நிறங்களில்தான். பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் ஒரு நாடு மஞ்சளாகவும் அடுத்த நாடு பச்சையாகவும் இருப்பதைப் பார்த்து, அந்த நாட்டு மண் மஞ்சள் என்று எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை. நிறம் அங்கே ஓர் அடையாளம். அதன் பொருளைப் படத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கும்.

வெறும் கண்ணை நம்புவதிலும் ஆபத்து உண்டு. நண்டு நெபுலாவுக்கு அந்தப் பெயர் வந்த கதையைப் பாருங்கள். அயர்லாந்தில் ரோஸ் பிரபு என்பவர் 36 அங்குலத் தொலைநோக்கியால் அதைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார். 1844-இல் வெளியான அந்தப் படத்தில் கால்கள் முளைத்த நண்டு போன்ற உருவம் இருந்தது. பின்னர் 1848-இல் தமது 72 அங்குலத் தொலைநோக்கியால் மறுபடி பார்த்தபோது அந்தத் தோற்றத்தை அவரால் உறுதி செய்ய முடியவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. கண்டதாக நம்பியதையே வரைந்தார். மங்கலான இடத்தில் மனம் உருவங்களை நிரப்பிவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம். 1883-இல் எய்ன்ஸ்லி கொமன் என்பவர் எடுத்த ஓரியன் நெபுலாவின் புகைப்படத்தில், அதே தொலைநோக்கியில் கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள் பதிந்திருந்தன. மனிதக் கண்ணைக் கருவி முந்திச் சென்ற காலம் அது.

எல்லை எங்கே?

அப்படியானால் கருவியையும் கணினியையும் கொண்டு எதையும் செய்யலாமா? இல்லை. ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். 2023-ஆம் ஆண்டில் ஒருவர் நிலவின் படம் ஒன்றை எடுத்து, அதிலுள்ள பள்ளங்கள், மேடுகள் எல்லாம் அழியும்படி வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் இட்டார். இருட்டறையில் எட்ட நின்று ஒரு கைத்தொலைபேசியால் அந்தத் திரையைப் படமெடுத்தார். கைத்தொலைபேசி கொடுத்த படத்திலோ நிலவின் பள்ளங்கள் தெளிவாக இருந்தன! திரையில் இல்லாத விபரம் எங்கிருந்து வந்தது? நிலவு எப்படி இருக்கும் என்று முன்னரே கற்றுவைத்திருந்த மென்பொருள், தனக்குத் தெரிந்ததைப் படத்தில் புகுத்தியிருந்தது. அதில் தெரிந்த பள்ளங்கள் நிலவில் உண்மையாகவே உள்ளவைதான். ஆனால் அந்தக் கமெராவுக்குள் அந்த ஒளி வரவில்லை.

இதிலிருந்து எல்லை புலப்படுகிறது. சிமேயிஸ் படத்தில் மங்கலை எத்தனை மடங்கு உயர்த்தியிருந்தாலும், எந்த நிறத்தைக் கொடுத்திருந்தாலும், அங்குள்ள ஒவ்வொரு நூலும் அங்கிருந்து புறப்பட்டு வந்த ஒளியால் ஆனது. நிலவுப் படத்தில் வராத ஒளி வந்ததாகக் காட்டப்பட்டது. முன்னையது மீட்டல், பின்னையது புகுத்தல். அழகில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். படத்தைப் பார்த்தே வேறுபாடு சொல்லிவிட முடியாமலும் போகலாம். எடுத்தவரின் மனச்சாட்சிக்குத்தான் அது தெரியும்.

நடைமுறையில் இது இவ்வளவு எளிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். இரைச்சலை நீக்கும் மென்பொருட்கள் பல இன்று ஆயிரக்கணக்கான வேறு படங்களைப் பார்த்துக் கற்றவை. ஒரு நூல் மங்கி மங்கி ஓரிடத்தில் அறுந்துபோகிறது. இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி தொடங்குகிறது. இடையில் இருப்பது ஒளியா இரைச்சலா என்று தெரியவில்லை. மென்பொருளிடம் கொடுத்தால் அழகாகத் தொடுத்துக் கொடுத்துவிடும். பார்ப்பவர் எவரும் குறை காணப் போவதில்லை, பாராட்டுத்தான் கிடைக்கும். நடுச்சாமத்தில் திரையின் முன் தனியே இருக்கும் பிள்ளை அந்த இடத்தில் தொடுப்பதா, விடுவதா? சிறிய விடயம்தான். ஆனால் ஒருவருடைய நேர்மை பெரும்பாலும் இப்படி எவரும் பார்க்காத சிறிய இடங்களில்தான் தீர்மானமாகிறது.

இதற்கு மூன்று கேள்விகளைத் துணையாகக் கொள்ளலாம் என்பது எமது எண்ணம். முதலாவது, இது அங்கிருந்து வந்ததா? இரண்டாவது, வேறொருவர் வேறோரிடத்தில் தமது கருவியால் எடுத்தாலும் இது வருமா? மூன்றாவது, நாம் என்ன செய்தோம் என்பதை ஒளிக்காமல் சொன்னோமா?

இரண்டாவது கேள்வியின் பெருமைக்கு ஓர் அருமையான சான்று உண்டு. யான் செய்ன்ரி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் என்ற ஆர்வலர்கள் 2022-இல் ஆண்ட்ரொமெடா விண்மீன் மண்டலத்தை நூறு மணி நேரத்துக்கும் மேலாகப் படமெடுத்தபோது, அதன் அருகே ஒட்சிசன் ஒளியாலான ஒரு நீல வில்லைக் கண்டார்கள். நிலவின் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு நீளம். உலகில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று அது. அங்கே இதுவரை எவரும் காணாத ஒன்று! உடனே பறைசாற்றிவிடவில்லை. கருவியின் கோளாறாக இருக்குமோ என்று ஐயுற்று, வேறு இடங்களில் வேறு தொலைநோக்கிகளாலும் அது பதிகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்டே 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். இவ்வாறு தம்மையே ஐயுற்றதால்தான் அவர்கள் கண்டது கண்டுபிடிப்பு என்ற மதிப்பைப் பெற்றது. மென்பொருள் "அழகுபடுத்த" விட்டிருந்தால், முன்பு கண்டிராத அந்த வில்லை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிட்டிருக்கவும் கூடும்.

திருவள்ளுவர் வாய்மை என்று ஓர் அதிகாரத்தையும், மெய்யுணர்தல் என்று வேறோர் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார். உண்மையைச் சொல்வதும் உண்மையை அறிவதும் வெவ்வேறு பயிற்சிகள் என்று கொள்ள இதில் இடமிருக்கிறது. ரோஸ் பிரபு சொல்வதில் தவறவில்லை, அறிவதில் தவறினார். எல்லாம் அறிந்த மென்பொருளோ அறிவதில் தவறாமல் சொல்வதில் தவறுகிறது. வானத்தைப் படமெடுப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

நம் வீட்டுச் சுவரில்

இனி, இது நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு வருவோம். 1980-களிலும் 90-களிலும் வீடு வாசலை விட்டு இந்நாடுகளுக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பலருக்கு அல்பம் கொண்டுவர நேரமிருக்கவில்லை. அப்பாவின் முகம் என்று மிஞ்சியிருப்பது அடையாள அட்டையிலிருந்த ஒரு சின்னப் படம். அல்லது கறையான் அரித்து, நீர் பட்டு, பாதிக் கன்னம் போய்விட்ட ஒரு கல்யாணப் படம். அதுவும் ஓர் எச்சம்தான்.

இன்று செயற்கை நுண்ணறிவு கொண்ட மென்பொருட்கள் அந்தப் படத்தைப் புதிதாக்கித் தருகின்றன. இங்கேயும் இருவகை வேலை நடக்கிறது. மங்கிப்போன கறுப்பு வெள்ளையை உயர்த்துவதும், மேலே விழுந்த கீறலைக் கழிப்பதும் முன்பு சொன்ன மீட்டலைச் சேர்ந்தவை. தாளில் இருக்கும் ஒளியையே எடுத்துத் தருகின்றன. ஆனால் கறையான் தின்ற கன்னத்தை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? யார் யாருடையவோ எண்ணற்ற முகங்களைப் பார்த்துக் கற்றதிலிருந்துதான். அந்தக் கன்னம் அப்பாவுடையது அல்ல. அடுத்து, அந்த முகத்தைச் சிரிக்க வைக்கிறது, தலையை அசைக்க வைக்கிறது. அந்தச் சிரிப்பும் அவருடையது அல்ல.

"அம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்கிறது, இதில் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பார்கள். அந்தத் தாயின் கண்ணீரை நேரில் கண்ட எவரும் இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட மாட்டார்கள். நாமும் தள்ளவில்லை. முன்னரும் ஒரு சிறு படத்தைப் பார்த்து ஓவியரிடம் பெரிதாக வரைவித்து மாலை போட்டு வைத்த வீடுகள் எத்தனையோ. அதில் ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அது ஓவியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஓவியர் எங்கே தம் கற்பனையைக் கலந்தார் என்று வீட்டிலுள்ள மூத்தவர் சொல்வார்: "மூக்கு சரி, வாய் அவற்ற வாய் இல்லை" என்று.

நட்டம் அடுத்த தலைமுறைக்கு. அப்பப்பாவை ஒருபோதும் கண்டிராத பேரப்பிள்ளை, சுவரில் உள்ள முகத்தையே அவர் முகம் என்று மனதில் பதித்துக்கொள்கிறது. "வாய் அவற்ற வாய் இல்லை" என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். பழைய தாள் இனித் தேவையில்லை என்று எங்கோ போட்டுவிடப்படுகிறது. வானத்து நெபுலாவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். சிமேயிஸ் 147-ஐ ஒருவர் தவறாகக் காட்டினால், அடுத்த மாரிகாலத்தில் இன்னொருவர் தொலைநோக்கியைத் திருப்பிச் சரிபார்க்கலாம். அது அங்கேயே இருக்கும். இறந்துபோன ஒரு மனிதருடைய முகத்தை யார் போய்ச் சரிபார்ப்பது? மேலே சொன்ன மூன்று கேள்விகளில் இரண்டாவதை இங்கே கேட்கவே முடியாது. ஆகவே மற்ற இரண்டையும் வீட்டில் இன்னும் கண்டிப்பாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இது கடினமான காரியம் அல்ல. புதிதாக்கிய படம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்வோம்; ஆனால் அதன் பின்னால் "இது கணினி வரைந்தது; இடது கன்னம் மூலத்தில் இல்லை" என்று ஒரு வரி எழுதுவோம். மூலத்தாளை எறியாமல், வெயில் படாத உறையில் பத்திரப்படுத்துவோம். அதைப் பார்த்து "இவர் இன்னார்" என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே, பிள்ளைகளை அருகில் அமர்த்திப் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுவிப்போம். வானத்தைப் படமெடுக்கும் நம் இளைஞர்கள் ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மணி நேரம், எந்த வடிகட்டி, என்ன செய்தோம் என்று குறித்து வைக்கிறார்கள். எத்தனையோ ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள வாயுவுக்குக் காட்டும் அந்த மரியாதையை நம் சொந்த முன்னோருக்கும் காட்டலாம் அல்லவா?

வானத்தைப் படமெடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நூல் அறுந்த இடத்தில் அதை அறுந்தபடியே விட்டுவிடுங்கள். ஒளி போதவில்லை என்றால் இன்னும் சில இரவுகள் நில்லுங்கள். நான்கு மடங்கு நின்றால் இரு மடங்கு தெரியும். அதற்கும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே உங்கள் படம் சொல்லட்டும். அப்படிப்பட்ட படத்தையும் சுவரில் மாட்டி, அதன் எதிரே நின்று உங்களிடம் விபரம் கேட்க நாம் இருக்கிறோம். வீட்டிலே கறையான் அரித்த அந்தப் பழைய படத்தின் முன்னும் இதே பொறுமையோடு நிற்கப் பழகுவோமா என்பதைக் குடும்பமாக இருந்து சிந்திப்போமாக.